கொடோவ்ஸ்கி எட்யூட்கள், ஹாம்லினின் இரட்டை சிடி: வேகத்தை விடுங்கள், குரல்களை எண்ணுங்கள்

பியானோவில் ஆகக் கடினமான படைப்பு எது என்று பேச்சு எடுத்தால், பத்து நிமிடத்துக்குள் லியோபோல்ட் கொடோவ்ஸ்கியின் பெயர் வந்துவிடும். ஷோபானின் எட்யூட்களே (ஒரு தொழில்நுட்பச் சிக்கலைப் பழக எழுதிய சிறு துண்டுகள்) கான்சர்வேட்டரி என்னும் இசைக் கல்லூரி மாணவர்களைப் படுத்தி எடுப்பவை. கொடோவ்ஸ்கி அவற்றை மூலப்பொருளாக எடுத்துக்கொண்டு, 1894 முதல் 1914 வரை, மேலும் சிக்கலாக்கி 53 புதிய எட்யூட்கள் எழுதினார். அவற்றில் 22 இடது கைக்கு மட்டுமே ஆனவை. இந்த 53ஐயும் மான்ட்ரியாலில் பிறந்த மார்க்-ஆந்த்ரே ஹாம்லின் வாசித்து, ஹைபீரியன் நிறுவனம் 2000ஆம் ஆண்டு இரண்டு சிடிகளாக வெளியிட்டது. அதே ஆண்டு தனி வாத்தியப் பிரிவில் கிராமஃபோன் இதழின் விருதும் கிடைத்தது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: கொடோவ்ஸ்கியை முழுசாகக் கேட்க ஒரே ஒரு பதிவுதான் வாங்குவேன் என்பவருக்கு இதுதான். ஆனால் "யாராலும் முடியாததை ஒருத்தர் வாசிக்கிறார்" என்ற பரபரப்பை எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான். இந்தப் பதிவில் யாரும் மூச்சு வாங்குவதில்லை. கேட்கத் தெரியாமல் கேட்டால் பல எட்யூட்கள் சுலபமானவை போலவே தோன்றும். எனவே எந்த இடத்தில் எதைக் கவனிப்பது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

முதலில் ஒரு தப்பபிப்பிராயத்தைக் களைய வேண்டும். கொடோவ்ஸ்கியின் கஷ்டம் வேகத்தில் இல்லை. ஷோபானின் மூல எட்யூட்கள் பல இவற்றைவிட வேகமாகவே ஓடும். ஓபஸ் 10இன் (ஓபஸ் என்பது படைப்புத் தொகுப்பின் வரிசை எண்) முதல் எட்யூடுக்கு ஷோபான் கேட்பது மெட்ரோனோமில் 176, அதாவது நிமிடத்துக்கு 176 அடி. ஷோபான் பெரும்பாலும் ஒரு எட்யூடுக்கு ஒரு தொழில்நுட்பச் சிக்கலை எடுத்து, அதை ஒரு கைக்குக் கொடுத்து, மற்ற கையைத் துணைக்கு வைப்பார். கொடோவ்ஸ்கி அந்தத் துணைக் கையின் சௌகரியத்தைப் பிடுங்கிவிடுகிறார். முதல் எட்யூடை எடுத்துக்கொள்ளுங்கள். மூலத்தில் வலது கை விசைப்பலகை முழுக்க ஆர்பெஜியோவாக, அதாவது ஒரு கார்டின் (சேர்ந்தொலிக்கும் ஸ்வரங்களின்) ஸ்வரங்களை ஒவ்வொன்றாக வாசித்தபடி, ஏறி இறங்கும். இடது கை ஆக்டேவ்களை (ஒரே ஸ்வரம், இரண்டு ஸ்தாயியில்) ஊன்றி நிற்கும். கொடோவ்ஸ்கியில் இரண்டு கையும் ஆர்பெஜியோ, அதுவும் எதிரெதிர்த் திசையில். ஒரு கை விரியும்போது மற்றதும் விரிகிறது. உடம்பைச் சாய்த்து ஒரு பக்கத்துக்கு உதவ வழியில்லை. கண்ணாலும் இரண்டு ஓரத்தையும் ஒரே சமயத்தில் பார்க்க முடியாது. இதை வெறும் சத்தமாக வாசிக்கப் பலருக்கு முடியும். நடுவே நகரும் ஸ்வரச் சேர்க்கை காதில் விழும்படி வாசிப்பதுதான் வேலை. கட்டையை விட்ட பிறகும் ஸ்வரத்தை நீடிக்க வைக்கும் கால் பெடலை ஹாம்லின் அடிக்கடி புதுப்பிக்கிறார். அதனால் ஒவ்வொரு கார்டும் அடுத்ததோடு கலங்காமல் மாறுகிறது.

ஆகவே இந்தப் படைப்புகளின் எந்தப் பதிவையும் எடை போட நாம் வைக்கும் அளவுகோல் ஒன்றுதான். எத்தனை குரல்கள் எழுதப்பட்டிருக்கின்றனவோ அத்தனையும் தனித்தனியாகக் கேட்கிறதா? மெலடி, அதற்கு எதிர்மெலடி, நடுவில் ஓடும் சலசலப்பு, அடியில் தாழ்ந்த குரலான பேஸ் என நாலு அடுக்கு எழுதியிருந்தால், நாலுக்கும் நாலு வேறு சத்த அளவு வேண்டும். ஒரே கையின் ஐந்து விரலில் மூன்று அளவு சத்தம் வர வேண்டும். விரல் சரியான கட்டையில் விழுவது பாதி வேலைகூட இல்லை.

இடது கை எட்யூட்கள்தான் இந்தத் தொகுப்பின் உயிர். அதில் எண் 13. ஓபஸ் 10 எண் 6இன் மறுவடிவம், இ ஃபிளாட் மைனர் ஸ்கேல், மெதுவான நடை. மூலத்தில் வலது கை சோகமான மெலடியை எடுத்துக்கொள்ள, நடுவில் ஒரு குரல் ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்கும், அடியில் பேஸ். இங்கே மூன்றும் ஒரே கைக்கு.

இது எப்படிச் சாத்தியம்? இடது கையை விசைப்பலகையில் வைத்தால் கட்டைவிரல் மேல் ஸ்தாயிப் பக்கம் வருகிறது. ஐந்தில் வலுவான விரல் அதுதான். ஆக மெலடி கட்டைவிரலுக்குப் போகிறது, நடுக்குரல் நடுவிரல்களுக்கு, பேஸ் சுண்டுவிரலுக்கு. வலது கையில் இது தலைகீழ். மெலடி சுண்டுவிரலில் மாட்டிக்கொள்ளும். அதனால் தனிக்கை வாசிப்புக்கு இடது கைதான் வாகானது. ஆனால் கட்டைவிரலுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு: கனமாகத்தான் விழும். தொடர்ந்து மெலடி வாசிக்கச் சொன்னால் ஒவ்வொரு ஸ்வரத்திலும் ஒரு தட்டு கேட்கும். அடுத்த சிக்கல் பெடல். சுண்டுவிரல் பேஸை அடித்துவிட்டு உடனே மேலே தாவியாக வேண்டும். கட்டையை விடுவதற்கு முன்பே பெடல் அந்தச் சத்தத்தைப் பிடித்திருக்க வேண்டும். ஒரு இம்மி தாமதித்தாலும் பேஸ் அறுந்து போய், மேலே உள்ளது அந்தரத்தில் தொங்கும். அதற்காகப் பெடலை மிதித்தபடியே வைத்திருந்தால் நடுக்குரலின் அரைஸ்வர நகர்வுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து சேறாகிவிடும். வழி, பாதி பெடல்: கம்பியின் அதிர்வை நிறுத்தும் டாம்பரை முழுசாக இறக்காமல் கம்பியை லேசாகத் தொடவிட்டு, மேல் ஸ்தாயியைத் துடைத்து, தடித்த பேஸ் கம்பியின் அதிர்வை மட்டும் மிச்சம் வைப்பது.

ஹாம்லினின் பதிவில் இந்த மூன்றும் எப்படி நடக்கிறதென்று கேட்க, நல்ல ஹெட்போனைப் போட்டு நடுக்குரலை மட்டும் பின்தொடருங்கள். மெலடியைவிட இரண்டு படி தாழ்வாக, ஆனால் ஒரு ஸ்வரமும் விழுங்கப்படாமல் ஓடுகிறது. கட்டைவிரலின் தட்டு கேட்கவே இல்லை. கண்ணை மூடிக் கேட்பவர் இது ஒற்றைக் கை என்று சொல்ல மாட்டார். தொகுப்பில் முதலில் கேட்க வேண்டியது இதுதான். அடுத்து எண் 5, ஓபஸ் 10 எண் 3இன் டி ஃபிளாட் வடிவம். எல்லோருக்கும் தெரிந்த மெலடி என்பதால் இங்கே என்ன நடந்திருக்கிறது என்பது சட்டென்று புரியும்.

இடது கையில் குறை சொல்ல ஒரு இடம் உண்டு. எண் 22, 'புரட்சி' என்று பெயர் எடுத்துவிட்ட ஓபஸ் 10 எண் 12. சி மைனரிலிருந்து சி ஷார்ப் மைனருக்கு மாற்றி, அலை போல ஓடும் பகுதியையும் மேலே முழங்கும் கார்டுகளையும் ஒரே கைக்குக் கொடுத்திருக்கிறார். ஒரு கை இரண்டு கையின் கனத்தைத் தர முடியாது. ஓட்டத்தின் நடுவே கார்டுக்காகத் தாவும்போது நடை கொஞ்சம் தளரத்தான் செய்யும். சிலர் அந்தத் தளர்வை நாடகமாக்குவார்கள். ஹாம்லின் தாளத்தை விடாமல் பிடித்து, எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கிவிடுகிறார். சுத்தம் குறையில்லை. ஆனால் இந்த எட்யூடுக்குக் கொஞ்சம் ஆபத்து வேண்டும்; கை தவறிவிடுமோ என்ற பதைப்பு வேண்டும். அது இங்கே இல்லை.

கருப்புக்கட்டை எட்யூட் என்று அழைக்கப்படும் ஓபஸ் 10 எண் 5க்கு கொடோவ்ஸ்கி ஏழு வடிவங்கள் எழுதியிருக்கிறார். மூலத்தில் வலது கை ஒரே ஒரு எஃப் ஸ்வரம் தவிர முழுக்கக் கருப்புக் கட்டைகளிலேயே ஓடும். கொடோவ்ஸ்கியின் இரண்டாம் வடிவம் அதைக் குறும்பாக வெள்ளைக் கட்டைக்கு, சி மேஜருக்கு, மாற்றுகிறது. மூன்றாவது ஏ மைனரில் ஒரு டாரன்டெல்லா நடனம், நான்காவது ஏ மேஜரில் கப்ரீச்சியோ, அதாவது மனம்போன போக்கில் துள்ளும் துண்டு. பிறகு மெலடியின் ஏற்ற இறக்கத்தையே தலைகீழாக்கிய வடிவங்கள். கடைசியில் இடது கைக்கு ஒன்று. படிக்க அருமை. ஆனால் சிடி எண் வரிசையில் போவதால் இவை ஏழும் அடுத்தடுத்து வருகின்றன. மூன்றாவதிலேயே காது சலித்துப் போகும். இது ஹாம்லினின் குற்றமில்லை, தொகுப்பின் இயல்பு. டாரன்டெல்லாவையும் இடது கை வடிவத்தையும் மட்டும் தனியாக எடுத்துக் கேளுங்கள், மிச்சத்தை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

எண் 47, 'பாடினாஜ்', நூறு வருடத்துக்கும் மேலாக எல்லோரும் பேசும் தந்திரம். கருப்புக்கட்டை எட்யூடையும், 'பட்டாம்பூச்சி' எனப்படும் ஓபஸ் 25 எண் 9ஐயும் ஒரே நேரத்தில் வாசிப்பது. இரண்டும் ஜி ஃபிளாட் மேஜர், இரண்டும் இரண்டு-நான்கு தாளம் என்பதால் இந்தச் சேர்க்கைக்கு வாசல் திறந்தே இருந்தது. உள்ளே நுழைந்தவர் கொடோவ்ஸ்கி. மேடையில் இதை வாசிப்பவர்கள் பெரும்பாலும் "பார், இரண்டையும் வாசிக்கிறேன்" என்று இரண்டையும் அழுத்திக் காட்டுவார்கள். கேட்பவருக்கு எதுவும் மிஞ்சாது. தலைப்புக்கேற்றபடி இது விளையாட்டாகத்தான் ஒலிக்க வேண்டும். ஹாம்லின் மெல்லிய சத்தத்தில் வைத்துக்கொண்டு, ஒரு எட்யூடைக் கொஞ்சம் முன்னே நிறுத்தி மற்றதைப் பின்னே தள்ளி, பிறகு மாற்றுகிறார். சத்தம் குறைத்து வாசித்தபடி வேகமாக ஓடுவதுதான் பியானோவில் மிகப் பெரிய சோதனை: கட்டையைப் பாதி ஆழத்துக்கு அழுத்தினால் சுத்தியல் கம்பியைத் தொடாமலே திரும்பிவிடும், ஸ்வரம் காணாமல் போகும். பயந்து கொஞ்சம் அழுத்தினால் மென்மை போய்விடும். இங்கே ஒரு ஸ்வரமும் காணாமல் போகவில்லை.

நடன வடிவங்களைச் சிலர் கண்டுகொள்வதில்லை. ஓபஸ் 25 எண் 2ஐ வால்ட்ஸாகவும், எண் 4ஐ பொலோனேஸாகவும், எண் 5ஐ மஸூர்காவாகவும் மாற்றிய எண் 27, 32, 34 ஆகியவை தனிக் கச்சேரித் துண்டுகளாகவே நிற்கக்கூடியவை. இவற்றில் தாளத்தின் மேல் தாளம் வந்து உட்காரும். திஸ்ரமும் சதுஸ்ரமும் ஒன்றோடொன்று உரசும் இடங்களில் நம் ஊர்க் காதுகளுக்கு ஒரு சாதகம் உண்டு: மிருதங்கத்தில் கதி மாற்றம் கேட்டுப் பழகியவர்கள் இதை உடனே பிடித்துவிடுவார்கள். மஸூர்காவில் ஹாம்லின் இரண்டாம் அடியில் தரும் சிறு தயக்கம் அலாதி. ஓபஸ் 10 எண் 2இன் மறுவடிவமான 'இக்னிஸ் ஃபாட்டுவஸ்', அதாவது கொள்ளிவாய்ப் பிசாசு, ஒரே மூச்சில் பறந்து மறைகிறது; தலைப்பு ரொம்பப் பொருத்தம். எண் 36, மூன்றாம் இடைவெளி இரட்டைகளின் (ஒன்று விட்டு ஒன்றான இரண்டு ஸ்வரங்களைச் சேர்த்தடிக்கும்) எட்யூட், இன்னொரு உச்சம். ஷோபானே வலது கைக்குப் போதுமான கொடுமை செய்திருக்க, கொடோவ்ஸ்கி அந்த இரட்டைகளை இடது கைக்கு மாற்றுகிறார். இரண்டு விரல்கள் சேர்ந்து விழாமல் ஒன்று முந்தினால் முழு ஓட்டமும் நொறுங்கியது போலக் கேட்கும். பெரும்பாலும் நான்காம் விரல்தான் பிந்தும். இங்கே அப்படி ஒரு இடம்கூடக் காதில் படவில்லை.

ஒலிப்பதிவு பற்றி: பியானோ மிக அருகிலும் இல்லை, பெரிய மண்டபத்தின் எதிரொலிக்குள் மூழ்கவும் இல்லை. அடுக்கடுக்கான எழுத்துக்கு இதுதான் சரி. ஸ்டூடியோப் பதிவு என்பதால் பல தடவை வாசித்து நல்ல பகுதிகளைச் சேர்த்திருப்பார்கள். எல்லா ஸ்டூடியோக்களிலும் நடப்பதுதான். அது உறுத்தினால் மேடையில் நேரடியாகப் பதிவான போரிஸ் பெரெஸோவ்ஸ்கியின் சிடியைத் தேடுங்கள். ஷோபானின் மூலத்தையும் கொடோவ்ஸ்கியின் வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கிறார். முழுத் தொகுப்பு அல்ல, ஆனால் புதிதாகக் கேட்பவருக்கு அந்த ஏற்பாடு ரொம்ப உதவும். கனமான, துணிச்சலான வாசிப்பு. ஹாம்லினிடம் இல்லாத அந்தப் பதைப்பு அங்கே உண்டு, அங்கங்கே குரல்கள் மங்கலாவதும் உண்டு. ஹோர்ஹே போலெட் 1970களின் பிற்பகுதியில் சிலவற்றைப் பதிவு செய்தார். அவருடைய ஆசிரியர் டேவிட் சாபர்ட்டன் கொடோவ்ஸ்கியின் மருமகன். அந்தப் பரம்பரையின் நிதானமும் பாடும் தொனியும் கேட்க வேண்டுமென்றால் போலெட்தான். ஜெஃப்ரி டக்ளஸ் மேட்ஜ், கார்லோ கிரான்டே ஆகியோரும் முழுத் தொகுப்பு தந்திருக்கிறார்கள். கடையில் கிடைப்பது சிரமம்.

வாங்குவோருக்கு. ஹைபீரியன் பல ஆண்டுகள் ஸ்ட்ரீமிங் பக்கமே வராமல் இருந்தது. 2023இல் யூனிவர்சல் அதை வாங்கிய பிறகு அதன் பதிவுகள் ஸ்ட்ரீமிங் செயலிகளில் வரத் தொடங்கின. ஆகவே சிடியை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் முன், செயலியில் தேடிக் கேட்டுவிடுங்கள். கேட்கும்போது இரண்டு அமைப்புகளை அணைத்துவிட வேண்டும். ஒன்று கிராஸ்ஃபேட்: 53 சிறு துண்டுகள் என்பதால் ஒன்றின் கடைசி கார்டின் மேல் அடுத்ததன் முதல் வரி ஏறிவிடும். மற்றது சத்தத்தைச் சமப்படுத்தும் வசதி: சில செயலிகளில் அது ஒவ்வொரு துண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிடும். அப்போது எண் 13உம் முதல் எட்யூடும் ஒரே சத்தமாகி, ஹாம்லினின் உழைப்பில் பாதி வீணாகும். மொத்தம் இரண்டரை மணி நேரத்துக்கும் மேல். ஒரே அமர்வில் வேண்டாம். நாலைந்து துண்டுகள், ஒவ்வொன்றுக்கும் முன் ஷோபானின் மூலத்தை எவர் வாசித்ததானாலும் ஒரு தடவை. மூலம் காதில் இல்லாமல் கொடோவ்ஸ்கியைக் கேட்பது, பல்லவி தெரியாமல் நிரவல் கேட்பதுதான்.

பியானோ வாசிப்பவர்கள் நோட்டேஷனோடு கேட்கலாம். கொடோவ்ஸ்கி 1938இல் மறைந்தார். பதிப்புரிமை பெரும்பாலான நாடுகளில் முடிந்துவிட்டது, பழைய பெர்லின் பதிப்பு இணையத்தில் சட்டப்படி கிடைக்கிறது. பார்க்கவே ஒரு பாடம். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் விரல் எண், பெடல் குறி, சிலவற்றுக்கு மாற்று வடிவங்கள், முன்பயிற்சிகள்கூட அச்சில் இருக்கின்றன. ஷோபானைக் கெடுத்துவிட்டார் என்ற பழிக்கும் முன்னுரையில் பதில் இருக்கிறது: மூலம் அப்படியேதான் இருக்கிறது, யாரும் அதைத் தொடவில்லை என்கிறார்.

வாசித்தே பார்ப்பேன் என்பவர்கள் எண் 13இலோ 5இலோ தொடங்கலாம். பியானோ தேர்வில் எட்டாம் கிரேடு முடித்த கை என்பது இதற்குத் தொடக்கத் தகுதிகூட இல்லை. ஷோபானின் மூல எட்யூட்களில் குறைந்தது நாலைந்து கையில் இருக்க வேண்டும். முதலில் பேஸும் பெடலும் மட்டும், பிறகு கட்டைவிரல் மெலடி மட்டும், பிறகு இரண்டும் சேர்த்து, நடுக்குரல் கடைசியில். மூன்றையும் முதல் நாளே சேர்த்து வாசித்தால் கட்டைவிரலின் தட்டு பழகிப்போய் அப்புறம் போகவே போகாது. பத்தாம் இடைவெளி (பத்து வெள்ளைக் கட்டை அகலம்) எட்டாத கைகள் கார்டை உருட்டி, ஸ்வரங்களை ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்கலாம், விரித்துப் பிடிக்க முயல வேண்டாம். கட்டைவிரலின் அடியிலோ முன்கையிலோ வலி எடுத்தால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். "பழகினால் போகும்" என்று தொடர்ந்தால் மாதக்கணக்கில் கை ஓய்வு கேட்கும்.

தொகுப்பு பிடித்துப்போனவர்களுக்கு அடுத்த படி ஒன்று உண்டு. கொடோவ்ஸ்கி ஷோபானின் மூன்று ஏ மைனர் எட்யூட்களை ஒன்றாகச் சேர்த்தும் ஒன்று செய்ததாகச் சொல்வார்கள். அது இன்று கையில் இல்லை. ஹாம்லின் தானே அதைச் செய்து பார்த்திருக்கிறார்: ஓபஸ் 10 எண் 2, ஓபஸ் 25 எண் 4, எண் 11, மூன்றும் ஒரே நேரத்தில். அவர் இயற்றி 2010இல் இதே ஹைபீரியனில் வெளியான பன்னிரண்டு எட்யூட்களில் முதலாவது அது. அதைக் கேட்கும் முன் மூன்று மூலங்களையும் தனித்தனியாகக் கேட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் எது எங்கே ஓடுகிறதென்றே பிடிபடாது.